சாலையில் கேமரா இருக்கட்டும், நான் போய்வந்த இடங்களின் பட்டியல் அரசுக்கு எதற்கு?

பல்லாவரத்தான் எழுதியது:

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் தமிழ்நாட்டில் இறந்தவர்கள் 17,884. விபத்துகளின் எண்ணிக்கையில் 64,105 என்று நாட்டிலேயே நாம்தான் முதலிடம். நம் மாநிலத்தில் மட்டும் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஐம்பது வீடுகளில் சாவு விழுகிறது. இதைக் குறைக்க அரசு கேமரா வைத்தால் நான் எதிர்க்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் கண்காணிப்பைப் பற்றி வாயைத் திறந்தாலே “நீ சிக்னலை மீறுகிறவன், அதனால்தான் பயப்படுகிறாய்” என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள்.

கேமரா வருவதற்கான சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 136ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். நெடுஞ்சாலைகளிலும் நகரங்களிலும் மின்னணுக் கருவிகளை வைத்து விதிமீறலைப் பிடிப்பது மாநில அரசின் கடமை என்கிறது அது. அதை எப்படிச் செய்வது என்று சொல்லும் 167ஏ விதி 2021 ஆகஸ்டில் வந்தது. மாநிலங்கள் இழுத்தடித்தன. 2024-இல் உச்சநீதிமன்றம் ஒரு சாலைப் பாதுகாப்பு வழக்கில் கெடுபிடி செய்தது. அந்த வழக்கை 2012-இல் தொடுத்தவர் நம் கோவை எலும்பு முறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன். அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

என் கேள்வி வேறு. எண்பலகையைப் படிக்கும் கேமரா, சிவப்பில் பாய்ந்தவனை மட்டும் படிப்பதில்லை. பச்சையில் ஒழுங்காகப் போகிற எல்லோருடைய எண்ணையும் படிக்கிறது. அந்த எண், நேரம், இடம் மூன்றும் எங்கே போய்ச் சேருகின்றன? எத்தனை நாள் அங்கே இருக்கின்றன? யார் தேடிப் பார்க்கலாம்? குற்றம் செய்தவனுக்கு அபராதம் போடுவதற்கும், குற்றம் செய்யாதவன் போய்வந்த இடங்களைச் சேர்த்துவைப்பதற்கும் நடுவில் ஒரு கோடு வேண்டும். அந்தக் கோட்டை எங்கே போடுவது என்று பேசலாம்.

மதுரை_செவிலி எழுதியது:

கேள்வி நியாயம்தான், அண்ணா. ஆனால் விபத்துப் பிரிவில் இரவுப் பணி பார்க்கிறவளாக நான் சொல்வதையும் கேளுங்கள்.

எங்களிடம் வரும் தலைக்காயங்களில் பெரும்பாலானவை இருசக்கர வண்டிக்காரர்களுடையவை. வண்டியில் ஹெல்மெட் இருந்தது என்று உடன் வந்தவர் அழுதுகொண்டே சொல்வார். இருந்தது உண்மைதான், டேங்க்மேல் இருந்தது. தலையில் இருந்தாலும் பட்டையை மாட்டியிருக்க மாட்டார்கள், விழும்போது அது தனியாகப் பறந்துபோயிருக்கும். 2022-இல் மட்டும் நாடு முழுக்க ஹெல்மெட் போடாமல் செத்தவர்கள் 50,029 பேர், ஓட்டியவர்களும் பின்னால் உட்கார்ந்தவர்களும் சேர்த்து.

எங்கள் ஊரில் போலீஸ் நிற்கிற இடம் வரைக்கும் ஹெல்மெட் தலையில் இருக்கும், தாண்டியதும் கைக்கு வந்துவிடும். போலீஸ்காரர் இரவு ஒரு மணிக்கு நிற்க மாட்டார், கேமரா நிற்கும். ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தபிறகு முதல் 48 மணி நேரத்துக்குப் பணம் இல்லையே என்று ஒரு குடும்பம் தவிக்க வேண்டியதில்லை. அது பெரிய ஆறுதல். ஆனால் நசுங்கிய மூளைக்கு எந்தத் திட்டத்திலும் மருந்து இல்லை. இருபத்திரண்டு வயதுப் பையனின் அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டியதை நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. தரவு எங்கே போகிறது என்பதைப் பிறகு சரிசெய்யலாம். கேமராவைத் தள்ளிப்போடாதீர்கள்.

லாரி_நாமக்கல் எழுதியது:

சகோதரி சொல்வதை மறுக்க மாட்டேன். லாரிக்காரன் சாலையில் பார்த்த சாவுகள் கொஞ்சம் இல்லை. ஆனால் “பிறகு சரிசெய்யலாம்” என்று விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நாங்களே உதாரணம்.

எங்கள் தொழிலில் இதை ஆன்லைன் கேஸ் என்போம். வண்டி செட்டில் நிற்கும்போது எங்கோ ஒரு நகரத்தில் சிக்னல் மீறியதாகக் கேஸ் விழும். வெளிமாநில நகரம் ஒன்றிலிருந்து என் லாரிக்கு ஹெல்மெட் போடவில்லை என்று ஒரு கேஸ் வந்தது. யாரோ ஒரு பைக்காரனின் எண்ணில் ஓர் எழுத்தைத் தப்பாகப் படித்திருக்கிறது கருவி. படத்தைப் பார்த்தாலே தெரியும், அதில் இருப்பது பைக். ஆனால் அதைப் பார்த்து ரத்து செய்ய அந்த ஊரில் ஆள் இல்லை. போனில் பேசினால் நேரில் வா என்கிறார்கள். நேரில் போய்வர ஆகும் செலவு அபராதத்தைப் போலப் பல மடங்கு. எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) காட்டப் போனால் பாக்கி நிற்கிறது என்கிறார்கள். சரி, கட்டித் தொலைத்தேன். செய்யாத தப்பை ஒத்துக்கொண்டதாகத்தான் பதிவில் இருக்கும்.

போலீஸ்காரர் நிறுத்திக் கேஸ் போட்டால் அங்கேயே எதிர்த்துப் பேசலாம். கேமராவிடம் யார் பேசுவது?

எட்டாம்பிட்டு எழுதியது:

இந்தக் கருவிகளை நிறுவும் வேலையில் சில காலம் இருந்தேன். எந்த நிறுவனம், எந்த ஊர் என்பதெல்லாம் வேண்டாம். உள்ளே என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை எண்பலகைமேல் அடிப்பார்கள். பலகை பளிச்சென்று திரும்ப ஒளிரும், மற்றதெல்லாம் இருட்டாகிவிடும். அந்தப் படத்திலிருந்து மென்பொருள் எழுத்துகளைப் பிரித்துப் படிக்கும். 8-ஐ பி என்றும், 0-வை ஓ என்றும் எடுத்துக்கொள்வது சாதாரணம். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த புது வண்டிகளில் உயர்பாதுகாப்பு எண்பலகை இருப்பதால் பிழை குறைவு. பழைய வண்டிகளில் சேறு, ஆணி, அலங்கார எழுத்து என்று எல்லாமே பிழைக்கு வழி. நாமக்கல் அண்ணன் சொன்னது இப்படித்தான் நடக்கும். கேஸ் போடுவதற்கு முன்பு ஒரு மனிதர் படத்தைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். ஒரு வேலைநேரத்துக்கு இத்தனை படம் பார்த்தாக வேண்டும் என்று இலக்கு வைத்துவிட்டால் அந்த மனிதரும் பார்க்காமலேயே பொத்தானை அழுத்துவார்.

பல்லாவரத்தாரின் கேள்விக்கு வருகிறேன். வீடியோவைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். வீடியோ வட்டில் நிறைய இடம் பிடிக்கும், அதனால் சில வாரங்களில் பழையதன்மேல் புதியது எழுதப்பட்டுவிடும். பயப்பட வேண்டியது எழுத்துப் பதிவுக்குத்தான். ஒரு வண்டி ஒரு கேமராவைக் கடந்தது என்பதற்கு எண், கேமராவின் பெயர், நேரம் என்று ஒரே ஒரு வரி. அது இடமே பிடிக்காது. ஒரு பெரிய நகரத்தின் ஓர் ஆண்டுப் போக்குவரத்தைச் சின்ன வட்டு ஒன்றில் அடக்கிவிடலாம். இடம் போதவில்லை என்ற காரணம் வராததால் அழிக்க வேண்டும் என்ற எண்ணமும் யாருக்கும் வருவதில்லை.

அப்புறம் தேடல். ஒரு எண்ணை அடித்தால் அந்த வண்டி போன இடங்கள் வரைபடத்தில் வரும். எந்த இரண்டு வண்டிகள் அடிக்கடி சேர்ந்தே போகின்றன என்று காட்டும் வசதியும் இந்த வகை மென்பொருள்களில் உண்டு. கடத்தல் கும்பலைப் பிடிக்கச் செய்தது அது. சிவப்பு விளக்கை மீறியவனைப் பிடிக்க இது எதுவுமே தேவையில்லை.

நேர்கோடு எழுதியது:

உங்கள் கையில் இருக்கும் போனுக்கு நீங்கள் போகிற இடம் எல்லாம் தெரியும். 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம், சுங்கச்சாவடியில் எத்தனை மணிக்குக் கடந்தீர்கள் என்பது வங்கிக்கே தெரியும். அங்கெல்லாம் வராத பயம் அரசு கேமராமேல் மட்டும் ஏன்? சென்னையில் ‘மூன்றாவது கண்’ திட்டத்தில் தெருத்தெருவாகக் கேமரா வைத்தபிறகு செயின் பறித்தவர்கள் எத்தனை பேர் மாட்டினார்கள். தப்பு செய்யாதவனுக்கு மறைக்க என்ன இருக்கிறது? என் மகள் வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு ஓ.எம்.ஆரில் வண்டி ஓட்டிக்கொண்டு வருகிறாள். வழி நெடுகக் கேமரா இருந்தால் எனக்கு நிம்மதி. தகப்பனாக இதை மனதாரச் சொல்கிறேன்.

இளவேனில் எழுதியது:

நேர்கோடு ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. அந்த மகளின் இடத்திலிருந்து கொஞ்சம் பேசுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நம் ஊரில் பெண்கள் ஓட்டும் வண்டிகளில் பாதி அப்பா பெயரிலோ கணவர் பெயரிலோ அண்ணன் பெயரிலோதான் இருக்கும். சம்பளம் நம்முடையது, தவணை நம்முடையது, ஆர்.சி. மட்டும் அவர் பெயரில். அபராதம் விழுந்தால் குறுஞ்செய்தி யாருக்குப் போகிறது? ஆர்.சி.யில் இருக்கும் எண்ணுக்கு. அதில் நாள், நேரம், இடம் எல்லாம் இருக்கிறது. இணைப்பைத் தொட்டால் படமும் வருகிறது. பின்னால் உட்கார்ந்திருப்பது யார் என்பதும் படத்தில் தெரியும்.

2023 ஏப்ரலில் திருவனந்தபுரத்தில் இதுவே நடந்தது. ஹெல்மெட் இல்லாமல் ஒரு பெண்ணோடு போன ஒருவரின் படம், வண்டி மனைவி பெயரில் இருந்ததால் மனைவியின் போனுக்குப் போனது. வீட்டில் சண்டை, கடைசியில் மனைவியின் புகாரில் கணவர் கைது. செய்தியைப் பார்த்துச் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. ஆணையும் பெண்ணையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். வேறு சாதிப் பையனின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போன பெண்ணின் படம் அவள் அண்ணனின் போனுக்குப் போவதாக நினைத்துப் பாருங்கள். நம் மாநிலத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வழக்கறிஞரைப் பார்க்கப் போகிற மனைவிக்கும் அதே கதிதான்.

கண்காணிப்பு என்றால் அரசு நம்மைப் பார்ப்பது என்று மட்டும் நினைக்கிறோம். அரசு பார்த்ததை வீட்டு ஆண்களிடம் கொண்டுபோய்க் கொடுப்பதும் இதில் இருக்கிறது. ஹெல்மெட் போடாததற்கு எனக்கு 1,000 ரூபாய் போடுங்கள், கட்டுகிறேன். என் பின்னால் யார் இருந்தார் என்பதை என் அப்பாவுக்குச் சொல்ல அரசுக்கு என்ன வேலை?

ஹம்_நகரான் எழுதியது:

நான் இருப்பது யேர்மனியில், ஹம் நகரத்தில். இளவேனில் தங்கச்சி சொன்னதற்கு ஒரு விபரம் சேர்க்கிறேன். இங்கே வேகக் கமரா படம் எடுத்து வீட்டுக்குக் கடிதம் வந்தால், ஓட்டியவரின் முகம் இருக்கும், பக்கத்தில் இருந்தவரின் முகத்தைக் கறுப்பாக மறைத்துத்தான் அனுப்புவார்கள். பக்கத்தில் இருந்தவர் வேகமாக ஓடவில்லைதானே. இதைச் செய்யப் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் தேவையில்லை, செய்ய வேண்டும் என்று ஒரு சட்டம்தான் தேவை.

பல்லாவரத்தார் கேட்ட கோடு இங்கே நீதிமன்றத்தில் போடப்பட்டது. 2008-இல் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம், எண்பலகை படிக்கும் கருவியில் தேடப்படும் வண்டி அல்லாத எண்களை உடனேயே, தடமில்லாமல் அழிக்க வேண்டும் என்றது. 2018 டிசம்பரில் இன்னும் ஒரு படி மேலே போய், அழித்தாலும்கூட ஒவ்வொரு எண்ணையும் படித்துப் பார்ப்பதே உரிமையில் கை வைப்பதுதான், அதற்கும் தகுந்த காரணம் வேண்டும் என்றது.

சாலைப் பாதுகாப்புக்கே நேராகப் பொருந்துகிற வழக்கு ஹனோவருக்குப் பக்கத்தில் நடந்தது. பி6 சாலையில் இரண்டு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேற்பட்ட ஒரு துண்டில் சராசரி வேகத்தை அளக்கும் கருவி வைத்தார்கள். உள்ளே போகும்போது ஒரு படம், வெளியே வரும்போது ஒரு படம், இடைப்பட்ட நேரத்தை வைத்து வேகம். கமராவைக் கண்டதும் பிரேக் பிடித்து, தாண்டியதும் பறக்கிற பழக்கத்துக்கு இது நல்ல மருந்து. ஆனால் எல்லா வண்டியையும் படிக்கிறது, அதற்குச் சட்டம் இல்லை என்று ஒருவர் வழக்குப் போட்டார். 2019 மார்ச்சில் நீதிமன்றம் கருவியை நிறுத்தியது. மாநில நாடாளுமன்றம் காவல் சட்டத்தில் தெளிவாக ஒரு விதி சேர்த்தது: உள்ளே இருப்பவர்கள் தெரியாதபடி படம் எடு, வேகம் மீறாவிட்டால் உடனே அழி. சில மாதங்களில் கருவி திரும்ப ஓடத் தொடங்கியது. மதுரைத் தங்கச்சி பயப்படுகிற மாதிரி உயிரா உரிமையா என்று ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டியிருக்கவில்லை.

நேர்கோடு ஐயா, மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். நான் கொழும்பில் இருந்த காலத்தில் தமிழர் வீடுகளில் யார் யார் இருக்கிறார்கள், எந்த ஊர், எதற்காக வந்தார்கள் என்று பொலிசில் பதிய வேண்டும். பாதுகாப்புக்காக என்றுதான் சொன்னார்கள். குண்டுகள் வெடித்த நகரம் அது, அந்தக் காரணம் பொய்யும் இல்லை. 2007 யூனில் லொட்ஜுகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழரை விடிவதற்கு முன்பு எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி, வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாளே உச்ச நீதிமன்றம் தடுத்தது, அதற்குள் சனம் வவுனியாவில் இறக்கப்பட்டிருந்தது. அவர்களில் யாருக்கும் மறைக்க ஒன்றும் இருக்கவில்லை. எந்த லொட்ஜில் யார் என்று தெரிந்திருந்ததுதான் வேலையைச் சுலபமாக்கியது. போனில் உள்ளதைக் கொண்டு கூகுள் என்னை பஸ்ஸில் ஏற்ற முடியாது. அரசால் முடியும். அதனால்தான் அரசின் பட்டியலுக்குத் தனிக் கட்டுப்பாடு கேட்கிறோம்.

நேர்கோடு எழுதியது:

ஹம் நண்பரே, நீங்கள் பட்டதை நான் பட்டதில்லை. அந்த இடத்தில் நான் வாதாடப்போவதில்லை. ஆனால் இங்கே இருப்பது போர்க்கால அரசு இல்லை, தேர்தலில் மாற்றக்கூடிய அரசு. அந்த வேறுபாட்டையும் நீங்கள் கணக்கில் எடுக்க வேண்டும்.

கோவை_வழக்குரைஞர் எழுதியது:

தேர்தலில் மாற்றக்கூடிய அரசு என்பதால்தான் சட்டம் தெளிவாக இருக்க வேண்டும். இன்றைய அரசை நம்பிக் கொடுத்த பட்டியல் நாளைய அரசின் கையில் இருக்கும்.

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். அதில் அரசு கை வைக்க வேண்டுமானால் அதற்கு ஒரு சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவுக்கு மேல் போகக்கூடாது. ஹெல்மெட் கேமரா முதல் இரண்டையும் தாண்டிவிடும். 136ஏ இருக்கிறது, உயிர் காக்கும் நோக்கம் இருக்கிறது. மூன்றாவதில்தான் இடிக்கிறது.

167ஏ விதியைப் பலரும் படிப்பதில்லை. அதில் நல்ல விஷயங்கள் இருக்கின்றன. கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இந்தப் பகுதி மின்னணுக் கண்காணிப்பில் இருக்கிறது என்று முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். விதிமீறல் நடந்த 15 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். வழக்கு முடியும் வரை மின்னணுப் பதிவை வைத்திருக்க வேண்டும். லாரிக்கார அண்ணன் கவனிக்க வேண்டியது இது: சான்றிதழ் காலாவதியான கருவியின் படத்தை நீங்கள் நீதிமன்றத்தில் கேள்வி கேட்கலாம். ஆனால் குற்றம் செய்யாமல் கடந்துபோனவரின் பதிவை என்ன செய்வது என்று அந்த விதியில் ஒரு வரிகூட இல்லை.

அந்த வெற்றிடத்தைத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிரப்பும் என்று எதிர்பார்த்தோம். 2023-இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆவது பிரிவைப் பாருங்கள். பொது ஒழுங்கு, அரசின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக, மத்திய அரசு அறிவிக்கும் எந்த அரசு அமைப்பும் அந்தச் சட்டத்திலிருந்தே வெளியே நிற்கலாம். கடையில் நீங்கள் கொடுத்த போன் எண்ணுக்கு இருக்கும் பாதுகாப்பு உங்கள் பயணப் பதிவுக்கு இல்லாமல் போகலாம்.

அரசு தன்னிடம் உள்ள தரவை எப்படி நடத்தும் என்பதற்கும் முன்னுதாரணம் இருக்கிறது. வாகனப் பதிவு, ஓட்டுநர் உரிமத் தரவுத்தளங்களான வாகன், சாரதி இரண்டையும் 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் திறந்துவிட்டு 65 கோடி ரூபாய் வருமானம் பார்த்ததாக 2019 ஜூலையில் அமைச்சர் நிதின் கட்கரியே நாடாளுமன்றத்தில் சொன்னார். மொத்தமாகத் தரவு விற்கும் அந்தக் கொள்கையைத் தனியுரிமைக் கவலையைக் காட்டி 2020-இல் கைவிட்டார்கள். கைவிடுவதற்கு முன்பு போனது போனதுதான். நம் மாநிலத்தில் 2024 மே மாதம் காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள் வெளியாள் நுழைந்துவிட்டதைக் காவல்துறையே ஒத்துக்கொண்டது. ஒரு கணக்கின் கடவுச்சொல் கசிந்ததே போதுமாக இருந்தது. சேர்த்துவைத்தால் ஒரு நாள் கசியும். கசியாத ஒரே தரவு, அழித்த தரவு.

ஓய்வு_எஸ்எஸ்ஐ எழுதியது:

காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். போக்குவரத்துப் பிரிவில் பல ஆண்டுகள் சாலையில் நின்றிருக்கிறேன். இரண்டு பக்கமும் தெரியும் என்பதால் எழுதுகிறேன்.

கேமராவுக்கு ஆதரவாக ஒன்று. கையைக் காட்டி நிறுத்துகிற முறையில் யார் நிறுத்தப்படுவார்கள் தெரியுமா? பெரிய காரை நிறுத்த யோசிப்போம், யாருக்குப் போன் போடுவாரோ என்று. பழைய பைக்கில் கட்டம் போட்ட சட்டையோடு வருகிற பையன், கட்டட வேலைக்குப் போகிறவன், சில குறிப்பிட்ட பகுதிகளின் பெயரைச் சொல்கிறவன், இவர்கள் நிறுத்தப்படுவார்கள். பேரமும் அங்கேதான் நடக்கும். கேமராவுக்குப் பெரிய கார், சின்ன பைக் வித்தியாசம் கிடையாது. ஏழைப் பையனைக் கையாலும் வாயாலும் அவமானப்படுத்துவது இதனால் குறையும் என்றால் அதுவும் ஒரு சுதந்திரம்தான். தனியுரிமை பேசுகிறவர்கள் இதை மறந்துவிடக்கூடாது.

எதிராகவும் ஒன்று. ஸ்டேஷனில் இருக்கும்போது “சார், இந்த வண்டி நம்பர் யாருதுன்னு பார்த்துச் சொல்லுங்க” என்று கேட்டு வராத நாளே இருக்காது. கட்சி வட்டச் செயலாளர் கேட்பார், தவணை கட்டாத வண்டியைத் தூக்குகிற ஆட்கள் கேட்பார்கள், சொந்தக்காரர் கேட்பார், பெண்ணைத் தேடுகிற தகப்பன் கேட்பார். பெரும்பாலும் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். உதவி என்றே நினைத்துச் சொல்வார்கள். அப்போது கிடைத்தது பெயரும் விலாசமும் மட்டும். எட்டாம்பிட்டு தம்பி சொல்கிற வரைபடமும் அதே மேசையில் வந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதை நினைத்தால் எனக்கே கவலையாக இருக்கிறது. யார், எந்த வழக்குக்காக, எந்த எண்ணைத் தேடினார் என்று ஒவ்வொரு தேடலும் பதிவாக வேண்டும். அந்தப் பதிவைத் தேடியவரே அழிக்க முடியாதபடி வேறு துறையின் கையில் வைக்க வேண்டும்.

நெறியாளர் எழுதியது:

தனிச்செய்தியில் இரண்டு பேர் அபராதப் படங்களை அனுப்பி இங்கே போடச் சொல்லியிருக்கிறார்கள். வண்டி எண்ணோ முகமோ தெரியும் படம் எதையும் இங்கே வெளியிட மாட்டோம். எண்ணை எழுத்தில்கூடப் போட வேண்டாம்.

திருச்சி_நடையன் எழுதியது:

எல்லோரும் வண்டி ஓட்டுகிறவர்களாகவே பேசுகிறீர்கள். 2022-இல் செத்தவர்களில் 32,825 பேர் நடந்து போனவர்கள். நடக்க நடைமேடை இல்லாமல் சாலையில் இறங்கியவர்கள்.

விபத்து முதல் தகவல் அறிக்கை எதையாவது எடுத்துப் படியுங்கள். “அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்” என்ற இரண்டு வார்த்தைகள் அச்சடித்ததுபோல் இருக்கும். சாலையில் பள்ளம் இருந்தது, நடுத்தடுப்பில் திடீர் இடைவெளி இருந்தது, விளக்கு எரியவில்லை என்று யாரும் எழுத மாட்டார்கள். அப்படி எழுதிய அறிக்கைகளைக் கூட்டித்தான் 70 சதவீதத்துக்கு மேல் வேகத்தால் செத்தார்கள் என்று புள்ளிவிவரம் வருகிறது. அதே 2019 திருத்தத்தில் 198ஏ என்று இன்னொரு பிரிவும் இருக்கிறது. சாலையை மோசமாக வடிவமைத்தவருக்கும் கட்டிய ஒப்பந்தக்காரருக்கும் ஒரு லட்சம் வரை அபராதம். 136ஏ-வுக்குக் கேமரா வாங்குகிறார்கள், 198ஏ-வுக்கு எத்தனை பேர்மேல் வழக்குப் போட்டார்கள் என்று கேளுங்கள். குடிமகனைப் பார்க்கும் கண் மட்டும் ஏன் இவ்வளவு கூர்மையாக இருக்க வேண்டும்?

மதுரை_செவிலி எழுதியது:

நடையன் அண்ணா சொன்னதற்கு ஒன்று சேர்க்கிறேன். கேமராவால் குடித்தவனைப் பிடிக்க முடியாது. எங்கள் பிரிவில் இரவு பத்து மணிக்கு மேல் வருகிறவர்களில் வாடை அடிக்காதவர்கள் குறைவு. அதற்கு ஊதச் சொல்லிப் பார்க்கப் போலீஸ் நின்றே ஆக வேண்டும். கேமரா வந்துவிட்டது என்று ஆட்களைக் குறைத்துவிடாதீர்கள்.

அப்புறம் இளவேனில் எழுதியதைப் படித்தபின் ஒன்று தோன்றியது. விபத்தில் வருகிற பெண்ணிடம் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று நாங்கள் கேட்டுத்தான் சொல்கிறோம், ஆர்.சி.யைப் பார்த்துச் சொல்வதில்லை. ஓட்டுகிறவரே தன் போன் எண்ணை அபராதச் செய்திக்குப் பதிந்துகொள்ள வழி செய்யலாமே.

பல்லாவரத்தான் எழுதியது:

நல்ல யோசனை. எல்லோரும் சொன்னதைப் படித்தபின் நான் வந்து நிற்கிற இடம் இது. மீறலுக்குப் படம் எடு. எண்பலகையும் மீறலும் தெரிகிற அளவுக்கு மட்டும் வை, மற்ற முகங்களை மறை. மீறாதவனின் எண்ணை அங்கேயே அழி. தேடப்படும் வண்டிகளின் பட்டியலோடு ஒத்துப்பார்த்துவிட்டு, ஒத்துப்போகாததை விட்டுவிடலாம். அதற்குச் சேமிப்பு தேவையே இல்லை என்று நினைக்கிறேன். எட்டாம்பிட்டு, சரிதானே?

எட்டாம்பிட்டு எழுதியது:

சரிதான். ஒத்துப்பார்ப்பது கேமராவுக்குள்ளேயே நடக்கும், பட்டியல்தான் கேமராவுக்கு வர வேண்டும், வண்டிகள் எல்லாம் மையத்துக்குப் போக வேண்டியதில்லை. ஒப்பந்தப்புள்ளியில் அப்படிக் கேட்டால் அப்படிச் செய்து கொடுப்பார்கள். கேட்பதில்லை.

ஓய்வு_எஸ்எஸ்ஐ எழுதியது:

இங்கே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், பல்லாவரம் தம்பி. இடித்துவிட்டு நிற்காமல் போகிற வழக்குகளை மறந்துவிட்டீர்கள். 2022-இல் அப்படிச் செத்தவர்கள் 30,486 பேர். அதிகாலையில் கோலம் போட வந்த பெண்ணை அடித்துவிட்டுப் போன வண்டி எது என்று அப்போது யாருக்கும் தெரியாது. உடைந்த விளக்குத் துண்டும் வண்டியின் நிறமும்தான் கையில் இருக்கும். அந்த நேரத்தில் அந்தச் சாலையில் போன வண்டிகள் எவை என்று பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். உடனே அழித்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு என்ன பதில்?

ஹம்_நகரான் எழுதியது:

ஐயாவின் கேள்வி கடினமானதுதான். ஆனால் அந்தக் காரணத்துக்காக ஒரு மாதம் என்று தொடங்கினால் அது ஒரு வருஷமாகும். நான் உடனே அழிப்பதன் பக்கம்தான். மோதிய இடத்துக் கடைகளின் கமரா இருக்கிறதே, அதை அந்த வழக்குக்காக மட்டும் கேட்டு வாங்கலாம்.

ஓய்வு_எஸ்எஸ்ஐ எழுதியது:

உளுந்தூர்ப்பேட்டைக்கும் விக்கிரவாண்டிக்கும் நடுவில் இரவு மூன்று மணிக்கு எந்தக் கடை, ஐயா?

கோவை_வழக்குரைஞர் எழுதியது:

நான் இருவருக்கும் நடுவில். சில நாள் மட்டும் வைத்து, தானாக அழிகிற ஏற்பாடு. அந்த நாட்களுக்குள்ளும் வழக்கு எண் இல்லாமல் திறக்கக்கூடாது, மாஜிஸ்திரேட் உத்தரவு வேண்டும். தேடலுக்கு இடமும் நேரமும் கொடுத்து வண்டிகளைக் கேட்கலாம், ஒரு வண்டியைக் கொடுத்து அது போன இடங்களை எல்லாம் கேட்கக்கூடாது. முதலாவது விபத்தை விசாரிப்பது, இரண்டாவது ஆளைப் பின்தொடர்வது. எஸ்.எஸ்.ஐ. ஐயாவுக்குத் தேவைப்படுவது முதலாவது மட்டும்தான். ஹம் நண்பர் பயப்படுவது இரண்டாவதுக்கு.

ஹம்_நகரான் எழுதியது:

எழுத்தில் சட்டமாக வந்தால் யோசிக்கிறேன். அதிகாரியின் சுற்றறிக்கையாக வந்தால் இல்லை.

பல்லாவரத்தான் எழுதியது:

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுவிடலாம் என்று இருக்கிறேன். மாநகரக் காவல் ஆணையரகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி. தனிநபரைப் பற்றி எதுவும் கேட்காததால் தட்டிக்கழிக்க வழி குறைவு. வரைவு இது: எண்பலகை படிக்கும் கேமராக்கள் எந்தெந்தச் சந்திப்புகளில் உள்ளன, மீறல் இல்லாத வாகனங்களின் எண் பதிவு எத்தனை நாள் வைக்கப்படுகிறது, அதற்கான ஆணையின் நகல், அந்தப் பதிவைத் தேட அனுமதி பெற்ற பதவிகள் எவை, ஒவ்வொரு தேடலும் பதிவாகிறதா, அபராத அறிவிப்பில் உடன் பயணிப்பவரின் முகத்தை மறைக்க ஆணை உள்ளதா. வேறு என்ன சேர்க்கலாம்?

திருச்சி_நடையன் எழுதியது:

198ஏ பிரிவில் இதுவரை போட்ட வழக்குகள் எத்தனை என்று நெடுஞ்சாலைத் துறைக்கும் காவல்துறைக்கும் தனித்தனி மனுவாக நான் போடுகிறேன். உங்கள் மனுவோடு சேர்த்தால் எங்கள் துறை இல்லை என்று திருப்பிவிடுவார்கள்.

லாரி_நாமக்கல் எழுதியது:

ஒவ்வொரு கேமராவுக்கும் ஒப்புதல் சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும் என்று கேளுங்கள், தம்பி. அப்புறம், தப்பான கேஸ் என்று வந்த புகார்கள் எத்தனை, அதில் ரத்து ஆனவை எத்தனை, ஒரு புகாரை முடிக்க எத்தனை நாள் எடுத்தார்கள் என்றும் கேளுங்கள். பதில் வந்தால் இங்கே போடுங்கள், எங்கள் சங்கத்திலும் படித்துக்காட்டுகிறேன்.